சியாட்டிகா: இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியும் அதற்கான சிகிச்சையும்

இடுப்பின் கீழ்ப்பகுதியிலோ பிட்டத்திலோ தொடங்கி, தொடையின் பின்புறம் வழியாக முழங்காலைக் கடந்து, கெண்டைக்காலுக்கும் பாதத்திற்கும் இறங்கும் வலியே சியாட்டிகா எனப்படுகிறது. இது பெரும்பாலும் ஒரு காலில் மட்டுமே ஏற்படும். சாதாரண இடுப்பு வலி மந்தமாகவும் பரவலாகவும் இருக்கும். சியாட்டிகா வலியோ மின்சாரம் பாய்வது போலவும் நெருப்பு எரிவது போலவும் ஒரு கோடாகக் காலில் ஓடும். இருமினாலும் தும்மினாலும் மலம் கழிக்க முக்கினாலும் அது சுரீரென்று கூடும். வலியுடன் மரத்துப்போதலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் இருக்கலாம்.

மக்கள் வழக்கில் இதற்கு "நரம்பு இழுக்கிறது", "வாயு பிடித்துக்கொண்டது", "ஜவ்வு விலகிவிட்டது" எனப் பல பெயர்கள் உண்டு. ஆயுர்வேத நூல்கள் இதனைக் கிருத்ரசி என்று குறிப்பிடுகின்றன. கழுகைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வலியுள்ள காலைத் தாங்கித் தாங்கி வைக்கும் நடை கழுகின் நடையை ஒத்திருப்பதே அப்பெயருக்குக் காரணம் என்று விளக்கம் கூறுவர்.

சியாட்டிகா என்பது ஒரு நோயின் பெயரன்று. ஓர் அறிகுறியின் பெயர். காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பது போலவே இதற்கும் பல காரணங்கள் உள்ளன. பெரும்பாலான காரணங்கள் தாமே தணியக்கூடியவை. மிகச் சில காரணங்கள் ஓரிரு நாள் தாமதித்தாலும் நிரந்தர ஊனத்தை விளைவிக்கக்கூடியவை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

நரம்பும் அது செல்லும் வழியும்

மனித உடலிலுள்ள நரம்புகளில் மிகத் தடிமனானது சியாட்டிக் நரம்பு. கீழ் முதுகெலும்பின் 4 மற்றும் 5ஆம் இடுப்புக் கணுக்களிலிருந்தும், அதற்குக் கீழேயுள்ள திருவெலும்பின் முதல் 3 துளைகளிலிருந்தும் வெளிவரும் நரம்பு வேர்கள் ஒன்றிணைந்து இந்நரம்பு உருவாகிறது. இடுப்பெலும்பின் பின்புறத் திறப்பு வழியே வெளியேறிப் பிட்டத் தசைகளுக்கு அடியில் சென்று, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது. கணுக்காலை அசைப்பதும், பாதத்தைத் தூக்குவதும், கால் விரல்களை மடக்குவதும், முழங்காலுக்குக் கீழே பெரும்பகுதித் தோலின் தொடு உணர்வும் இந்நரம்பைச் சார்ந்தவையே.

காலில் வலி இருந்தாலும் பழுது பெரும்பாலும் காலில் இருப்பதில்லை. நரம்பு புறப்படும் வேர்ப்பகுதி அழுத்தப்பட்டாலும், அந்நரம்பு பரவியுள்ள இடத்தில் வலிப்பதாகவே மூளை உணர்கிறது. வலிக்கும் கெண்டைக்காலை எவ்வளவு நீவினாலும் நீடித்த பயன் கிடைக்காததன் காரணம் இதுவே.

ஜவ்வு எவ்வாறு பிதுங்குகிறது

முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையே வட்டு வடிவத் தட்டுகள் உள்ளன. நாம் ஜவ்வு என்றும் டிஸ்க் என்றும் கூறுவது இவற்றையே. ஒவ்வொரு தட்டிலும் வெளியே பல அடுக்கு நாரினாலான உறுதியான வளையமும், உள்ளே பாகு போன்ற மென்பொருளும் உண்டு. வயது ஏறும்போது உள்பாகம் நீர்ச்சத்தை இழக்கும்; வெளி வளையத்தில் நுண்ணிய கிழிசல்கள் தோன்றும். ஒரு நாள் குனிந்து மூட்டையைத் தூக்கும்போதோ, சில வேளைகளில் வெறுமனே தும்மும்போதோ, அக்கிழிசல் வழியே உள்பாகம் பின்பக்கமாகப் பிதுங்கி அருகிலுள்ள நரம்பு வேரைத் தொடுகிறது. சியாட்டிகாவுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. அவ்வாறான பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளிலேயே ஏற்படுகின்றன. உடலின் மேற்பாரம் முழுவதும் இறங்குமிடம் அது. குனிந்து நிமிரும் அசைவு மிகுதியாக நிகழுமிடமும் அதுவே.

30 முதல் 50 வயது வரையிலானோரிடம், அதாவது குடும்பத்தின் வருமானத்தைத் தாங்கும் வயதினரிடம், இது அதிகம் காணப்படுகிறது. மூட்டை சுமப்போர், நாற்று நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுவதும் குனிந்திருப்போர், குலுங்கும் வண்டியில் நெடுநேரம் அமர்ந்திருக்கும் பேருந்து மற்றும் சரக்கு வாகன ஓட்டுநர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். உடற்பருமனும் புகைப்பழக்கமும் அதனை மேலும் கூட்டுகின்றன. புகைப்பழக்கத்திற்கும் ஜவ்வுக்கும் என்ன தொடர்பு என்று பலர் வியப்பதுண்டு. ஜவ்வுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அருகிலுள்ள எலும்பின் நுண்குழாய்களிலிருந்து ஊறி வரும் சத்தையே அது நம்பியுள்ளது. புகை அந்நுண்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது.

இவ்வலி நரம்பைச் சார்ந்தது என்று 1764இல் இத்தாலிய மருத்துவர் தோமெனிக்கோ கொட்டுன்யோ தனி நூலே எழுதினார். ஆயினும் ஜவ்வுப் பிதுக்கமே முதன்மைக் காரணம் என்பது தெளிவாக நிறுவப்பட்டது 1934இல்தான். பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் அறுவை சிகிச்சையில் தாங்கள் கண்டவற்றை அவ்வாண்டு வெளியிட்டனர். அதன்பின் நெடுங்காலம் நரம்பு நசுங்குவதே வலிக்கு முழுக் காரணம் என்று கருதப்பட்டது. இன்று நாம் அறிவது சற்று வேறானது. பிதுங்கிய பாகு நரம்பை அழுத்துவதோடு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களையும் வெளியிடுகிறது. அவ்வழற்சியே நரம்பை மிகுந்த கூச்சமுடையதாக்குகிறது. சிறிய பிதுக்கம் ஒருவரைப் படுக்கையில் தள்ளுவதும், பெரிய பிதுக்கத்துடன் மற்றொருவர் இயல்பாக நடமாடுவதும் இதனாலேயே.

நோயாளிகள் அறிந்து ஆறுதல் கொள்ளத்தக்க செய்தியும் இதில் உண்டு. வெளியே வந்த பாகை உடல் அயற்பொருளாகவே கருதுகிறது. இரத்தத்தின் துப்புரவு அணுக்கள் அங்கே திரண்டு, வாரங்களிலும் மாதங்களிலும் அதனைச் சிறிது சிறிதாக உட்கொண்டு கரைத்துவிடுகின்றன. வியப்பு என்னவெனில், சிறிய புடைப்புகளைவிட முழுவதும் பிரிந்து வெளியேறிய பெரிய துண்டுகளே இவ்வாறு கரைவது அதிகம். "ஜவ்வு வெளியே வந்துவிட்டது, இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தான்" என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை.

எந்த வேர், எந்த இடம்

வலியும் மரப்பும் காலின் எப்பகுதியில் உள்ளன என்பதைக் கொண்டே பாதிக்கப்பட்ட வேரை ஓரளவு கணிக்கலாம். வலி பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாகக் கெண்டைக்காலுக்கு இறங்கி, பாதத்தின் வெளியோரமும் சுண்டுவிரலும் மரத்திருந்தால், திருவெலும்பின் முதல் நரம்பு வேர் பாதிக்கப்பட்டிருக்கும். இவர்களால் அந்தக் காலின் முன்விரல்களில் மட்டும் ஊன்றி எழும்பி நிற்க இயலாது. வலி காலின் வெளிப்புறமாக இறங்கிப் பாதத்தின் மேற்பரப்பும் பெருவிரலும் மரத்திருந்தால் 5ஆம் இடுப்பு நரம்பு வேர். இவர்களுக்குப் பெருவிரலையும் பாதத்தையும் மேல்நோக்கித் தூக்கும் வலு குறையும். குதிகாலால் நடக்கச் சொன்னால் பாதம் கீழே சரியும். செருப்பு அடிக்கடி கழன்று விழுவதாகவோ, சமதரையில் கால் விரல் தட்டுவதாகவோ ஒருவர் கூறினால் அதனை அலட்சியம் செய்யலாகாது.

காலில் இறங்கும் எல்லா வலியும் சியாட்டிகா ஆகாது. தொடையோடு நின்றுவிடும் வலி பெரும்பாலும் தசையிலிருந்தோ இடுப்பு மூட்டிலிருந்தோ வருவது. இரண்டு பாதங்களிலும் காலுறை அணிந்தது போன்ற எரிச்சலும் மரப்பும் நீரிழிவின் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகி, நின்ற உடனே தணிவது இரத்தக் குழாய் அடைப்பைச் சுட்டும்; புகைப்பழக்கம் உள்ளவர்களிடம் இதனை நாங்கள் முதலில் ஐயுறுவோம். 60 வயதைக் கடந்தவர்கள் நடக்கும்போது இரு கால்களும் கனத்து மரத்து, அமர்ந்தாலோ முன்னே குனிந்தாலோ தெளிவடைந்தால், முதுகெலும்புக் கால்வாய் குறுகியிருக்கக்கூடும். கடைத்தெருவில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நெடுந்தூரம் நடப்பவரால், நிமிர்ந்து 100 அடி நடக்க முடியாமற்போவதுண்டு. ஒரு பக்கமாகக் காலில் எரிச்சலுடன் வலி தொடங்கிச் சில நாள்களில் கொப்புளங்கள் தோன்றினால் அது அக்கி. பிட்டத் தசையின் இறுக்கத்தாலும் நரம்பு அழுத்தப்படலாம். ஆயினும் அது மக்கள் எண்ணுமளவுக்குப் பொதுவானதன்று.

நமது நாட்டில் மறக்கவே கூடாத மற்றொரு காரணம் முதுகெலும்புக் காசநோய். மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, படுத்து ஓய்வெடுத்தாலும் இரவில் தணியாத முதுகு வலி ஆகியவை இருப்பின் சளியும் இருமலும் இல்லையே என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. காசநோய் நுரையீரலுக்கு மட்டும் உரியதன்று. அரசு மருத்துவமனைகளில் அதற்கான பரிசோதனையும் முழு மருந்தும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. உரிய காலத்தில் கண்டறிந்தால் மருந்தினாலேயே பெரும்பாலும் குணமாகும். தவறினால் எலும்பு உருக்குலைந்து கால்கள் செயலிழக்கலாம். முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிதாக முதுகு வலி தோன்றினாலும், உயரத்திலிருந்து விழுந்தபின் வலி தொடங்கினாலும் உடனே பரிசோதனை தேவை.

அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டிய நிலை

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரையின் வால்மயிர் போன்று கற்றையாகத் தொங்குகின்றன. பெரிய ஜவ்வுத் துண்டு ஒன்று நடுவில் பிதுங்கி இக்கற்றை முழுவதையும் நசுக்குமானால், கால்களோடு சிறுநீர்ப்பை, மலக்குடல், பாலுறுப்பு ஆகியவற்றின் நரம்புகளும் செயலிழக்கும். இது அரிதாகவே நிகழ்கிறது. ஆனால் நிகழ்ந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசர நிலை. ஒரு நாளில், அதிகம் போனால் இரண்டு நாள்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை நீக்காவிட்டால், வாழ்நாள் முழுவதும் சிறுநீர்க் குழாயுடன் இருக்க நேரிடலாம்.

இதன் அறிகுறிகளை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க முயன்றும் வராமல் வயிறு கனத்தல், அல்லது தெரியாமலேயே கசிதல். மலத்தை அடக்க இயலாமை. மிதிவண்டி இருக்கையில் படும் பகுதி, அதாவது ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறமும், மரத்துப்போதல். இரு கால்களிலும் வலி அல்லது பலவீனம். இவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றினாலும், நள்ளிரவானாலும், 108 ஊர்தியை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவேண்டும்.

நடைமுறையில் நான் காணும் இடர், இவ்வறிகுறிகளைச் சொல்ல மக்கள் கூச்சப்படுவதுதான். கால் வலியை அரை மணி நேரம் விவரிப்பவர்கூட, சிறுநீர் பற்றிக் கேட்டால்தான் வாய் திறப்பார். பெண்கள் உடன் வந்த மகன் வெளியே சென்ற பிறகே சொல்வார்கள். "கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியவில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். மருத்துவர் மற்றவற்றைப் புரிந்துகொள்வார். கேட்கப்படாவிட்டாலும் அதனைச் சொல்லிவிடுங்கள்.

கால் வலி திடீரெனக் குறைந்து, அதே நேரத்தில் பாதம் தொங்கத் தொடங்குவதும் நல்ல அறிகுறியன்று. நரம்பு குணமடையவில்லை, செயலிழந்து வருகிறது என்பதே அதன் பொருள்.

ஸ்கேன் எப்போது தேவை

சியாட்டிகாவை அறிவதற்குப் பெரும்பாலும் மருத்துவரின் கைகளே போதுமானவை. மல்லாந்து படுத்த நிலையில் முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தும்போது, ஏறத்தாழ 30 முதல் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே வலி இறங்குமானால் நரம்பு வேர் இழுபடுகிறது என்று பொருள். வலியில்லாத காலை உயர்த்தும்போது வலியுள்ள காலில் சுரீரென்றால் ஜவ்வுப் பிதுக்கத்திற்கான சான்று இன்னும் வலுவானது. இதனுடன் தசை வலு, தொடு உணர்வு, சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயல் ஆகியவற்றைச் சோதித்தால் முடிவு தெளிவாகும்.

எக்ஸ்ரேயில் ஜவ்வும் நரம்பும் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இரண்டும் தெரியும். ஆனால் தேவைக்கு மேலும் தெரியும். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஏதேனும் ஒரு ஜவ்வில் புடைப்பு இருந்தது. கால்வாசிப் பேருக்கு மேல் பிதுக்கமே இருந்தது. அவர்கள் அனைவரும் வலியின்றி நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் "டிஸ்க் பல்ஜ்", "டீஜெனரேஷன்" என்ற சொற்களைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. தலைமுடி நரைப்பதைப் போன்ற வயதின் அடையாளங்களாகவே அவற்றில் பலவற்றைக் கொள்ளலாம். அறிக்கையில் உள்ள வேரும், காலில் உள்ள வலியும், பரிசோதனையில் காணும் பலவீனமும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே ஸ்கேனுக்கு மதிப்பு.

மேற்கூறிய அபாய அறிகுறிகள் இருப்பின் உடனடியாகவும், 6 வாரச் சிகிச்சைக்குப் பின்னும் கடும் வலி நீடித்து அறுவை சிகிச்சை பற்றி எண்ணும் நிலையிலும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். முதல் வாரத்திலேயே கடன் வாங்கி ஸ்கேன் எடுத்து வருவதால் சிகிச்சை முறை பெரும்பாலும் மாறுவதில்லை.

படுக்கையும் நடமாட்டமும்

முன்னர் சியாட்டிகாவுக்கு வாரக்கணக்கில் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்பட்டது. நெதர்லாந்தில் 183 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வு அதனைக் கேள்விக்குள்ளாக்கியது. 2 வாரம் படுக்கையில் இருந்தவர்களும், இயன்ற அளவு நடமாடியவர்களும் ஒரே அளவிலேயே குணமடைந்தனர். 12 வாரங்களின் முடிவில் இரு பிரிவிலும் 100க்கு 87 பேர் முன்னேற்றம் கண்டிருந்தனர். படுக்கை தீமை செய்யவில்லை என்றாலும் நன்மையும் செய்யவில்லை. தசைகள் தளர்வதும் கூலி இழப்பும் மிச்சம். வலி கடுமையான முதல் ஓரிரு நாள் படுத்திருக்கலாம். மல்லாந்து படுக்கும்போது முழங்கால்களுக்கு அடியிலும், ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். அதன்பின் வீட்டுக்குள்ளேயே சிறு சிறு நடைகள். நாளுக்கு நாள் சற்றே கூட்ட வேண்டும்.

அமர்ந்திருப்பதே பலருக்கு மிகக் கடினம். தரையில் சம்மணமிட்டு அமர்வதும், தாழ்வான பலகையில் அமர்ந்து காய் நறுக்குவதும், குனிந்து பெருக்குவதும் சில வாரங்களுக்குத் தவிர்க்கத் தக்கவை. குந்தி அமரும் கழிப்பறைக்கு மாற்றாக நாற்காலிக் கழிப்பறை கிடைக்குமானால் நலம். மலச்சிக்கல் இருந்தால் முக்குதல் வலியைக் கூட்டும். தண்ணீர், கீரை, பழம் ஆகியவற்றை மருந்தாகவே கருதலாம். குடத்தை இடுப்பின் ஒரு பக்கத்தில் வைத்துச் சுமப்பதைவிட, இரு கைகளிலும் சிறு வாளிகளாகப் பிரித்து எடுப்பது மேல். எதையும் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்கியபடி உடலைத் திருப்பக் கூடாது. பள்ளம் மேடான சாலையில் இருசக்கர வாகனப் பயணத்தை ஒத்திவைப்பது நல்லது. இவற்றையெல்லாம் எல்லோராலும் பின்பற்ற இயலாது என்பதை அறிவேன். நடவுக்குச் செல்லாவிட்டால் அன்றைய உணவு இல்லை என்பவரிடம் ஓய்வைப் பற்றிப் பேசுவது எளிதன்று. அத்தகையோர் அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து சில அடிகள் நடந்துவிட்டு மீண்டும் குனிவதே ஓரளவு காப்பாகும்.

உடற்பயிற்சியை இயன்முறை மருத்துவரின் நேரடி மேற்பார்வையில் தொடங்க வேண்டும். கைப்பேசிக் காணொளியில் கண்ட பயிற்சி ஒருவருக்குப் பொருந்தி மற்றவருக்குக் கேடாக முடியலாம். ஜவ்வுப் பிதுக்கம் உள்ள பலருக்கு முதுகைப் பின்னோக்கி வளைக்கும் பயிற்சி இதமளிக்கும். கால்வாய் குறுகியவருக்கோ அதே பயிற்சி வலியைக் கூட்டும். அவருக்கு முன்னோக்கி மடங்குவதே இதம். சரியான பயிற்சியை அறிய எளிய அடையாளம் ஒன்றுண்டு. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், பின் தொடைக்கும், பின் பிட்டத்திற்குமாக மேலே ஏறிச் சுருங்குமானால், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் அது குணத்தின் திசை. வலி மேலும் கீழே இறங்குமானால் அப்பயிற்சியை நிறுத்த வேண்டும். வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இயன்முறை சிகிச்சை இல்லத்திலேயே கிடைக்கிறது. தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

இடுப்புப் பட்டை அணிவதால் சில நாள் ஆறுதல் கிடைக்கலாம். மாதக்கணக்கில் அணிந்தால் முதுகுத் தசைகள் தம் வேலையை மறந்துவிடும். வெந்நீர் ஒத்தடமும் மிதமான எண்ணெய்ப் பூச்சும் தீங்கற்றவை. ஆனால் மரத்துப்போன பகுதியில் சூடு தெரியாது. வெந்நீர்ப் பையால் கொப்புளம் ஏற்பட்டு, நீரிழிவு உள்ளவருக்கு அது ஆறாப் புண்ணாக மாறியதைக் கண்டிருக்கிறோம். சுளுக்கு எடுப்பவரிடம் சென்று முதுகில் ஏறி மிதிப்பதும், காலை வெட்டி இழுப்பதும் கூடவே கூடாது.

மருந்துகளும் ஊசியும்

இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகள் ஓரளவு உதவும். முழு நிவாரணம் தரா. குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு, உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடக் கூடாது. மருந்துக் கடையில் "முதுகு வலிக்கு" என்று கேட்டு வாங்கும் மாத்திரைப் பொட்டலத்தில் ஸ்டீராய்டும் கலந்திருப்பதுண்டு. பெயரில்லாத பொடிகளும் அவ்வாறே. இரண்டு நாளில் மாயம் போல் வலி மறைந்தால் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும்.

நரம்பு வலிக்கெனப் பரவலாக எழுதப்படும் பிரீகாபாலின் மருந்தைப் பற்றியும் கூற வேண்டும். ஆஸ்திரேலியாவில் 209 சியாட்டிகா நோயாளிகளிடம் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அது வெற்று மாத்திரையைவிடக் கால் வலியைக் குறைக்கவில்லை. தலைச்சுற்றல் போன்ற பக்கவிளைவுகளே கூடின. பிரிட்டனின் தேசியச் சிகிச்சை வழிகாட்டுதல் இப்போது சியாட்டிகாவுக்கு அம்மருந்தைப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். வைட்டமின் பி12 ஊசி, அச்சத்து குறைந்தவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

முதுகெலும்புக் கால்வாய்க்குள் நரம்புக்கு அருகில் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி, கடும் வலி உள்ள சிலருக்குச் சில வாரங்கள் இடைக்கால ஆறுதல் அளிக்கலாம். அது பிதுக்கத்தை நீக்குவதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவரால், உரிய வசதியுள்ள இடத்தில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும்.

பிட்டத்தில் போடும் சாதாரண ஊசி இதனின்று வேறு. "ஊசி போட்டால்தான் கேட்கும்" என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவானது. பிட்டத்தின் உட்புறத்திலோ கீழ்ப்பகுதியிலோ தவறாகப் போடப்படும் ஊசி சியாட்டிக் நரம்பிலேயே இறங்கிவிடும். குத்தும்போதே கால் முழுவதும் மின்சாரம் பாய்ந்தது போன்ற வலியும், பின்னர் பாதம் தொங்குதலும் ஏற்படும். தசை குறைந்த குழந்தைகளுக்கும் மெலிந்த முதியோருக்கும் இவ்வாபத்து அதிகம். தகுதியற்றவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். ஊசி இறங்கும்போது காலில் மின்னல் போல் வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மாத்திரையால் இயலும் வேலைக்கு ஊசியே தேவையில்லை.

அறுவை சிகிச்சை

சிறுநீர், மல உணர்வுகள் பாதிக்கப்பட்டால் அறுவை சிகிச்சை உடனடித் தேவை. அதில் இருவேறு கருத்தில்லை. பாதத்தின் வலு நாளுக்கு நாள் குறைந்து வந்தாலும் தாமதிக்கலாகாது. வலி மட்டுமே உள்ளவர்களுக்கு முடிவு நோயாளியின் கையிலும் இருக்கிறது. நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரங்களாகக் கடும் சியாட்டிகா இருந்த 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை சிகிச்சையும் மற்றவர்களுக்கு மருந்தும் பயிற்சியும் அளித்து ஒப்பிட்டனர். முடிவுகள் 2007இல் வெளியாயின. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் நீங்கியது. ஆனால் ஓராண்டின் முடிவில் இரு பிரிவிலும் 100க்கு 95 பேர் குணமடைந்திருந்தனர். காத்திருந்த பிரிவில் 100க்கு 39 பேர் இடையிலேயே வலி தாளாமல் அறுவை சிகிச்சைக்கு மாறினர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விரைவான நிவாரணம் வேண்டுமா, காத்திருக்க இயலுமா என்பதே கேள்வி. வீட்டு நிலை, தொழில், வலியைத் தாங்கும் திறன் ஆகியவற்றைப் பொறுத்து இருவேறு மனிதர்கள் இருவேறு விடை காணலாம், இரண்டும் சரியே.

"முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும்" என்ற அச்சத்தால் அவசர நிலையிலும் மறுப்பவர்கள் உண்டு. பொதுவாகச் செய்யப்படும் நுண்ணோக்கி அறுவையில், முழு ஜவ்வும் அகற்றப்படுவதில்லை. நரம்பை அழுத்தும் துண்டு மட்டுமே சிறு கீறல் வழியே எடுக்கப்படுகிறது. பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். தொற்று, நரம்புறை கிழிதல், நரம்புக் காயம் ஆகியவை நிகழக்கூடும். ஆயினும் கால் செயலிழப்பது மிக அரிது. நடப்பில், உரிய நேரத்தில் அறுவை செய்யாததால் பாதம் தொங்கியவர்களையே அதிகம் காண்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான துறைகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், அம்மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் விவரம் பெறலாம்.

எதிர்பார்ப்பில் தெளிவு வேண்டும். அறுவை சிகிச்சை கால் வலியைத் தீர்ப்பதில் சிறந்தது. இடுப்பு வலியைத் தீர்ப்பதில் அத்துணைச் சிறந்ததன்று. கால் வலி பல நேரங்களில் மயக்கம் தெளிந்ததுமே குறைந்திருக்கும். தசை வலு மெல்லத் திரும்பும். மரப்பு எல்லாவற்றுக்கும் கடைசியாக நீங்கும். சிலருக்குச் சிறு பகுதியில் நிலைத்தும் விடும். சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும் என்பதால், இடுப்பிலிருந்து பாதம் வரையிலான தொலைவைக் கணக்கிட்டால் பொறுமையின் அளவு விளங்கும். அதுவரை பாதம் தொங்குபவர்களுக்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை பொருத்தினால் தடுக்கி விழாமல் நடக்கலாம்.

அறுவைக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் பிதுங்குவதும் உண்டு. 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு அவ்வாறு நேரலாம். அலுவலகப் பணிக்குச் சில வாரங்களில் திரும்பலாம். சுமை தூக்கும் தொழிலுக்கு 3 மாதம் வரை ஆகலாம். மேலாளரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ காட்டுவதற்கான மருத்துவச் சான்றினை, வீடு திரும்பும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.